கணேசன் பெயரில் வாங்கிய மாத்திரை

1

தெற்கு ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில், முதியோர் இல்லம் ஒன்றில் எனக்கு வேலை. புதிதாகச் சேர வருகிறவர்களை உட்கார வைத்து, நீளமான ஒரு படிவத்தைப் பார்த்துக் கேள்வி கேட்க வேண்டும். பல் செட் உண்டா, உப்பு குறைக்க வேண்டுமா, ராத்திரி எத்தனை முறை எழுந்திருப்பீர்கள் என்று போய்க்கொண்டே இருக்கும். நடுவில் ஒரு கேள்வி: உங்களுக்கோ ரத்த உறவில் யாருக்காவதோ மனநோய் இருந்ததா? ஆரம்ப வருஷங்களில் இதைக் கேட்கும்போது எனக்குத்தான் நாக்கு ஒட்டிக்கொள்ளும். எதிரே இருப்பவர்கள் சர்வ சாதாரணமாகப் பதில் சொல்வார்கள். அண்ணனுக்கு இருந்தது, மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தான், இப்போது தோட்டம் போட்டுக்கொண்டிருக்கிறான் என்பார்கள். டிக் அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போவேன்.

எல்லோரும் அப்படி இல்லை. போன வருஷம் தொண்ணூறு தாண்டிய ஒரு அம்மாள் அந்தக் கேள்வி வந்ததும் மகனை வெளியே போகச் சொன்னார். அவருடைய சித்தியை யுத்த காலத்தில் சாம்பல் நிறப் பேருந்து ஒன்றில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். மனநோயாளிகளை அரசாங்கமே கொன்ற காலம் அது. சித்தி திரும்பி வரவில்லை. மாமா ஒருவருக்கும் அதே நோய். அவரை வீட்டிலேயே ஒளித்து வைத்ததால் பிழைத்தார் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். கேட்பதற்கு யாருமே இல்லாத அறையில் இன்னும் குரல் தாழ்கிறது.

அவர்கள் மறைத்ததால் ஒருவர் பிழைத்தார். எங்கள் வீட்டில் மறைத்ததால் என் தம்பிக்குத் தூக்குத் தண்டனை கிடைத்திருக்கிறது. அதைத்தான் எழுதப் போகிறேன். உறவினர்கள் யாராவது இதைப் படித்துவிட்டு அம்மாவுக்கு ஃபோன் செய்வார்கள் என்று தெரியும். தாராளமாகச் செய்யுங்கள்.

2

என் பெயர் ரமா. மயிலாப்பூரில், கோயில் குளத்திலிருந்து மூன்று தெரு தள்ளி ஒரு மாடிக் கட்டிடத்தில் வளர்ந்தவள். கல்யாணமாகி இங்கே வந்து இருபத்தைந்து வருஷமாகிறது. தம்பி முரளி எனக்கு இரண்டு வயது இளையவன். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மத்தியானம் அவன் மாடியிலிருந்து இறங்கிப் போனான். கீழே தண்ணீர் மோட்டார் அறையை ஒட்டி வாட்ச்மேன் பெருமாளின் குடும்பம் இருந்தது. பெருமாளின் மனைவி செல்வியையும் ஏழு வயது மகள் நந்தினியையும் முரளி கொன்றான். எப்படி என்று எழுத மாட்டேன். நான் ஊருக்கு வரும்போதெல்லாம் என் பெட்டியை மாடிக்குத் தூக்கி வந்தவள் செல்வி. நந்தினி என் பின்னாலேயே ஏறி வந்து, அந்த ஊரில் ஐஸ் கொட்டுமா என்று ஒவ்வொரு முறையும் கேட்பாள்.

அவன் செய்யவில்லை என்று நான் சொல்லப் போவதில்லை. நல்ல பையன், எறும்புக்குக்கூடக் கெடுதல் நினைக்காதவன் என்றும் சொல்லப் போவதில்லை. அதை எதிர்பார்த்துப் படிக்கிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

செஷன்ஸ் கோர்ட் தூக்கு விதித்தது. அதை ஹைகோர்ட் உறுதி செய்தால்தான் செல்லும். உறுதி செய்வதற்கு முன், இந்த ஆள் யார், எப்படி வளர்ந்தான், அவன் மனநிலை என்ன என்று இப்போது அறிக்கை கேட்கிறார்கள். முரளியின் வக்கீல் தரப்பில் அந்த வேலையைச் செய்பவள் யாழினி. சமூகப்பணி படித்த பெண், முப்பது வயது இருக்கலாம். பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தபோது அவளிடமிருந்து ஃபோன் வந்தது.

"மேடம், உங்க தம்பிக்கு முன்னாடி ஏதாவது ட்ரீட்மென்ட் நடந்திருக்கா? உங்க அம்மா இல்லவே இல்லைங்கறாங்க. ஜெயில் டாக்டர் ரொம்ப வருஷமா இருக்கற நோய் மாதிரி இருக்குன்னு எழுதியிருக்காரு. ஆனா முரளிங்கற பேர்ல எங்க தேடியும் ஒரு சீட்டு கிடைக்கல."

"கிடைச்சா என்ன ஆகும்?"

"செஞ்சது மாறாது மேடம். வெளிய விடவும் மாட்டாங்க. ஆனா ரொம்ப வருஷமா நோய் இருக்கற ஒருத்தரத் தூக்குல போடலாமான்னு கோர்ட் யோசிக்கணும்னா, நோய் இருந்துதுன்னு கோர்ட்டுக்குத் தெரியணும்ல. இப்ப புதுசா சொன்னா தப்பிக்க நாடகம்னுவாங்க. பழசு வேணும்."

என் பேருந்து வந்தது, கதவைத் திறந்தது, மூடிக்கொண்டு போயிற்று. "கணேசன்னு தேடிப் பாருங்க," என்றேன்.

அந்தப் பக்கம் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாகக் கேட்டாள்: "கணேசனா? அந்தப் பேரு கேஸ் கட்டுலயே வருதே மேடம்?"

3

முரளிக்கு இருபத்திரண்டு வயதில் ஆரம்பித்தது. இன்ஜினியரிங் கடைசி வருஷம். காலேஜுக்குப் போவதை நிறுத்தினான், சுவரோடு பேசினான். அப்பா அடையாற்றில் ஒரு நரம்பு டாக்டரிடம் கூட்டிப் போனார். மனநல மருத்துவர் என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை, நரம்பு டாக்டர்தான். ஜெர்மன்காரர்களும் ஒரு காலத்தில் அப்படியேதான் சொல்வார்களாம்.

அப்போது எனக்கு வரன் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். டாக்டர் வீட்டு முன்னறையில் பெயர் எழுதுகிற பெண் பேர் என்ன என்று கேட்டதும், வாழ்நாளில் ரயில் டிக்கெட்டுக்குக்கூட வயது குறைத்துச் சொல்லாத என் அப்பா, "கணேசன். என் தம்பி பையன். திருச்சி" என்றார். அப்பாவுக்குத் தம்பியே கிடையாது. வாயில் வந்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னாராம். வந்தது வந்ததாகவே இருபது வருஷத்துக்கு மேல் நின்றுவிட்டது.

டாக்டரைப் பார்த்த ஒவ்வொரு முறையும் பக்கத்துப் பிள்ளையார் கோயிலில் இறங்கிப் பிரசாதம் வாங்கிக்கொண்டுதான் அப்பா வீட்டுக்கு வருவார். எங்கே போய்விட்டு வருகிறீர்கள் என்று யாராவது கேட்டால், பொய் சொல்லாமல் கோயிலுக்கு என்று சொல்லலாமே. என்னைப் பெண் பார்க்க வந்த நாட்களில் முரளியை மொட்டை மாடிக்கு அனுப்பிவிடுவோம். நான்கு இடம் வந்தது. நான்கு முறையும் கார் கிளம்பும்வரை அவன் மாடியில் இருந்தான். ஒரு முறை நல்ல மழை. நான் கேசரி எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன்.

முரளி இதையெல்லாம் எங்களைவிட ஒழுங்காக நம்பினான். "வியாதி கணேசனுக்குத்தானே? நான் ஏன் முழுங்கணும்?" என்பான். "கணேசனுக்காக முழுங்குடா" என்பாள் அம்மா. முழுங்கினான். மாத்திரை வேலை செய்தது. பேப்பர் படிப்பான், கீரை வாங்கி வருவான், கிரிக்கெட் ஸ்கோர் சொல்லுவான். யாருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை.

அப்பா போன பிறகு மாத்திரை வாங்க அம்மா பெருமாளை அனுப்புவாள். "பெருமாள், கணேசன் மாத்திரை வாங்கிண்டு வந்துடு." பிறகு டாக்டரும் காலமானார். பழைய சீட்டுக்கு மாத்திரை தர முடியாது என்று கடையில் சொன்னார்கள். அம்மா வேறொரு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே பதிவு செய்ய நோயாளியின் ஆதார் கேட்டார்கள். ஆதாரில் இருப்பது முரளி. டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள்.

இதை என்னிடம் ஃபோனில் சொன்னாள். "மீராவுக்கு நாளைக்கு வரன் பாக்கணும். இவன் பேர் கம்ப்யூட்டர்ல ஏறித்துன்னா அழியவே அழியாதாம்" என்றாள். மீரா என் மகள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சரி, அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். அன்றைக்கு வீட்டில் விருந்தாளிகள், அடுப்பில் ஏதோ இருந்தது.

அதிலிருந்து நான்காவது மாதம் அந்த மத்தியானம். பிடித்துக்கொண்டு போனபோது முரளி திரும்பத் திரும்பச் சொன்னது: "கணேசனைக் கேளுங்கோ." கூட்டாளி என்று நினைத்து போலீஸ் இரண்டு வாரம் கணேசனைத் தேடியது. அம்மாவைக் கேட்டார்கள், தெரியாது என்றாள். இல்லாத ஒருவன் மேல் பழியைப் போடுகிற தந்திரம், மூளை தெளிவாக வேலை செய்கிறது என்று அரசுத் தரப்பு வாதாடியது. அவர்கள் அப்படித்தான் நினைக்க முடியும். அம்மா கோர்ட்டில் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் ஏழாயிரம் கிலோமீட்டர் தள்ளி வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன்.

4

யாழினி ஃபோன் செய்த அதே வாரம் மீரா வீட்டுக்கு வந்திருந்தாள். இருபது வயது. வேறு ஊரில் படிக்கிறாள், யோனாஸ் என்ற பையனோடு ஒரே வீட்டில் இருக்கிறாள். புது டாக்டருக்குப் படிவம் நிரப்ப, தன் சின்ன வயதுப் படிவங்களை எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, குடும்பத்திலே மனநோய் உண்டான்னு கேக்கறதிலே எல்லாம் நீ நைன் போட்டிருக்கே." நைன் என்றால் ஜெர்மனில் இல்லை என்று அர்த்தம்.

"ஆமாம்."

"நீ பொய் பண்ணியிருக்கே." அவள் தமிழ் அப்படித்தான். நான் திருத்தவில்லை.

"உனக்குக் கல்யாணம் பேசும்போது தடங்கலா இருக்கக் கூடாதுன்னு..."

அவள் சிரித்தாள். ஆதார் கேட்டதால் மாத்திரை நின்றதைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. "எனக்காகவா? எனக்கு யார் வரன் பாக்கப் போறா? அதுக்காக மாமாவுக்கு மருந்து தரலையா?" என்றாள். அதற்குப் பிறகு ஜெர்மனில் நிறையப் பேசினாள். அவள் ஜெர்மனில் வேகமாகப் பேசினால் பாதிதான் புரியும் என்று நான் சொல்லிக்கொள்வேன். அன்று முழுக்கப் புரிந்தது.

கணவரிடமும் சொன்னேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "அப்பவே சொல்லியிருந்தா நான் உன்னைப் பண்ணிண்டிருக்க மாட்டேன். பொய் சொல்ல விரும்பல" என்றார். "தெரியும். அதனாலதான் சொல்லல" என்றேன். காப்பி போட்டுக் கொடுத்தார்.

அம்மாதான் விடவில்லை. "கோர்ட்ல எழுதிக் கொடுக்கப் போறியாமே? நாளைக்கு எல்லாரும் பைத்தியக்கார வம்சம்பா. உன்னை ஏமாத்திப் பண்ணிக் கொடுத்ததா சொல்லுவா. முரளி எப்படியும் போயிண்டிருக்கறவன். இருக்கறவாளைப் பாரு ரமா."

"அவன் போயிண்டு இல்லைம்மா. நாம அனுப்பிண்டிருக்கோம்," என்றேன்.

உறவினர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. காலை வணக்கமும் கோயில் கோபுரமுமாகவே இருக்கும். அதில் பெரியப்பா பையன் ஒருவன், குடும்ப கௌரவம் பற்றிப் பொதுவாகச் சொல்வதுபோல் ஒரு செய்தி போட்டான். நான் கீழே எழுதினேன்: "எங்கள் வீட்டில் மனநோய் உண்டு. முரளிக்கு இருபது வருஷத்துக்கு மேலாக இருக்கிறது. மாத்திரையை நாங்கள்தான் நிறுத்தினோம்." இருபத்தேழு பேரும் படித்ததற்கு அடையாளமாக நீல டிக் விழுந்தது. அதற்குப் பிறகு ஒரு கோபுரம்கூட வரவில்லை. பிறகு நான் முரளியின் அக்கா என்று நிரூபிக்கப் பழைய ரேஷன் கார்டைத் தேட வேண்டியிருந்தது. அம்மா இல்லை என்றாள். பீரோவில் எந்தத் தட்டு என்று எனக்குத் தெரியும். டிக்கெட் போட்டேன்.

5

நான் சென்னை போய்ச் சேர்வதற்குள் யாழினி கோப்பைக் கண்டுபிடித்திருந்தாள். அடையாற்றில் அந்த டாக்டரின் மருமகள், மாமனாரின் காகிதங்களைத் தூக்கிப் போட மனசில்லாமல் பரணில் வைத்திருந்தார். கணேசன், வயது இருபத்திரண்டு, திருச்சி. இருபது வருஷத்துக்கு மேலான குறிப்புகள். முதல் பக்கத்தில் டாக்டர் தன் கையெழுத்தில் நோயின் அறிகுறிகளைப் பட்டியல் போட்டிருக்கிறார். அதில் ஒன்று: பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்ப்பதில்லை.

யாழினியோடு அந்த வீட்டுக்குப் போய் அதைப் படித்துவிட்டு, பரணுக்குக் கீழேயே உட்கார்ந்து அழுதேன். யாரோ ஒருவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவன் எப்படித் திரும்புவான்?

மறுநாள் சிறைக்குப் போனேன். அம்மா வரவில்லை. அவள் ஒரு முறைகூட அங்கே வந்ததில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முரளி உட்கார்ந்தான். நாற்பத்தொன்பது வயது, பல் இரண்டு இல்லை. ரிசீவரை எடுத்ததும் முதலில் கேட்டான்:

"யாராவது வந்திருக்காளா ரமா? நான் மாடிக்குப் போகணுமா?"

"யாரும் வரலடா. நான் மட்டும்தான்."

"போகணும்னா சொல்லு. நான் சத்தம் போட மாட்டேன்."

செய்ததைப் பற்றி அவனிடம் கேட்டேன். கணேசன் ஏன் அப்படிச் செய்தான் என்று தனக்கும் தெரியவில்லை என்றான். பிறகு அழுதான். அவனுக்காகவா, அந்தக் குழந்தைக்காகவா என்று எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்: நாங்கள் கொடுத்த பொய்யைக் கடைசிவரை காப்பாற்றிக்கொண்டிருக்கும் இந்த ஆளைத் தந்திரக்காரன் என்று சொல்லித் தூக்கில் போடுவதற்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சிக்கல் ஒன்று பாக்கி இருந்தது. கோப்பில் போட்டோ இல்லை. கணேசன்தான் முரளி என்று சொல்ல அக்கா ஒருத்தி போதாது. "அக்கா சொல்லத்தான் செய்வாங்கன்னுவாங்க," என்றாள் யாழினி. "வெளியாள் வேணும். இந்த மாத்திரை உங்க வீட்டுக்குத்தான் வந்துதுன்னு தெரிஞ்ச யாராவது."

அப்படித் தெரிந்த வெளியாள் உலகத்தில் ஒருவர்தான்.

6

பெருமாளிடம் நான் போய் நிற்கக் கூடாது, அது மிரட்டுவதுபோல் ஆகிவிடும் என்று யாழினி கண்டிப்பாகச் சொன்னாள். அவளே தனியாகப் போய்ப் பேசினாள். அவர் கேட்டுவிட்டு, "அந்த ரமாம்மா வரட்டும். அவங்களாண்ட பேசிக்கிறேன்" என்று சொல்லியனுப்பினார்.

பெருங்குடியில் ஒரு ஐ.டி. கட்டிடத்தில் இப்போது செக்யூரிட்டியாக இருக்கிறார். ஷிப்ட் முடிந்து, காலை எட்டு மணிக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. டீ வேண்டாம் என்றார்.

"கணேசன் யாருன்னு இந்தப் பொண்ணு கேட்டுச்சு. மாமி சொல்லும், கணேசன் மாத்திரைன்னு. நான்தான் வாங்கியாருவேன். உங்க சொந்தக்காரர் யாரோ ஒடம்பு முடியாம கீறாருன்னு நென்ச்சிக்கினு இருந்தேன். யாரும்மா அது?"

"முரளிதான்," என்றேன்.

அவர் ரோட்டைப் பார்த்தார். கம்பெனி பஸ் ஒன்று வந்து நின்றது. கழுத்தில் அட்டை மாட்டிய பிள்ளைகள் இறங்கி உள்ளே போனார்கள். கடைசி ஆள் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ அவனுக்கு நான்தான் மாத்திரை வாங்கியாந்துக்கினு இருந்தனா. எப்ப நிறுத்துனீங்கோ?"

"அந்த நாளுக்கு நாலு மாசம் முன்னாடி."

"மோட்டார் சத்தம் அவன் மூளைய உறிஞ்சுதுன்னு போலீஸ்ல சொன்னான்னாங்கோ. ஊட்லயும் சொல்லிக்கினு இருந்தானா?"

யாழினி என் கையைத் தொட்டாள். பதில் சொல்லாதே என்று அர்த்தம். "சொல்லிண்டிருந்தான். மூணு வாரமா. அம்மாவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்," என்றேன்.

"ஒரு வார்த்த," என்றார் பெருமாள். "ஒரே ஒரு வார்த்த சொல்லியிருந்தா செல்வியயும் பாப்பாவயும் எங்கக்கா ஊட்டுக்கு அனுப்பியிருப்பேன். வேல போனா போவுது. இன்னாத்துக்கு சொல்லல?"

"முதல்ல என் கல்யாணத்துக்காக மறைச்சோம். அப்புறம் அதுவே பழகிடுத்து. கடைசியில என் பொண்ணு கல்யாணத்துக்காக."

"உங்க பொண்ணுக்கு இன்னா வயசு?"

"இருபது."

"நந்தினிக்கு பத்து ஆயிருக்கும்."

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று விமானத்தில் ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் வந்தேன். கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் அந்த மனிதர் ஏதாவது பதில் சொல்ல வேண்டியிருக்கும். டீக்கடைக்காரர் எங்களைப் பார்ப்பதும் திரும்பிக்கொள்வதுமாக இருந்தார்.

"எதுல கையெழுத்து?" என்று யாழினியிடம் கேட்டார்.

"அண்ணே, இப்பவே வேணாம். நீங்க போடணும்னு கட்டாயமும் இல்ல. தூக்குதான் சரின்னு நெனச்சா அதையும் கோர்ட்ல சொல்லலாம். அது உங்க உரிமை."

"நீ சொம்மா இரும்மா." என் பக்கம் திரும்பினார். இப்போது நீங்கோ போய் நீ வந்துவிட்டது. "அவனுக்காவ சொல்றேன்னு நெனைக்காத. அவன தூக்குல போட்டுட்டா கேஸு முட்ஞ்சிடும். அவன் ஒருத்தன்தான் கெட்டவன்னு ஆயிடும். நீ பிளேன் ஏறி பூடுவ. மாமி பாட்டுக்கு கோயிலுக்கு போய்க்கினு வந்துக்கினு இருக்கும். அத்த நான் உட மாட்டேன். அவன் உள்ளயே இருக்கட்டும். நீங்கோ அல்லாரும் வந்து பாருங்கோ. நீயும் வரணும், மாமியும் வரணும். சாவற வரிக்கும் வந்து பாத்துக்கினே இருங்கோ."

மூன்று நாள் கழித்து, யாழினி தட்டச்சு செய்து கொண்டுவந்ததை இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மாத்திரை வாங்கினேன், கணேசனுக்கு என்று சொன்னார்கள், மேலே இருப்பவருக்கு நோய் என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. அவ்வளவுதான். என்னுடையதையும் வாங்கிப் படித்தார். அதில் 'குடும்பச் சூழ்நிலை காரணமாக வேறு பெயரில் சிகிச்சை பெற்றார்' என்று வக்கீல் எழுதியிருந்தார். பெருமாள் அந்த வரியில் விரலை வைத்தார். "இது இன்னாது?"

அந்தப் பக்கத்தை வாங்கிக் கிழித்துவிட்டு மறுபடி எழுதச் சொன்னேன். 'என் திருமணத்துக்காக மறைத்தோம். மருந்து நின்றது எனக்குத் தெரியும். ஆபத்து என்று தெரிந்தும் கீழே இருந்த செல்விக்கும் நந்தினிக்கும் நாங்கள் சொல்லவில்லை.' இது அம்மாவையும் உங்களையும் மாட்டிவிடும் என்று வக்கீல் எச்சரித்தார். எழுதுங்கள் என்றேன். பெருமாள் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார், பஸ் பிடிக்கப் போய்விட்டார்.

விசாரணை முடிந்திருக்கிறது. ஹைகோர்ட் இன்னும் தீர்ப்புச் சொல்லவில்லை. எங்களுக்கானதைப் பெருமாள் சொல்லியாயிற்று. இங்கே எனக்கு வருஷத்துக்கு முப்பது நாள் விடுப்பு. முப்பதையும் சென்னைக்கு என்று எழுதிக் கொடுத்துவிட்டு அம்மாவுக்கு ஃபோன் செய்தேன்.

"அடுத்த மாசம் வரேன். முரளியைப் பாக்க நீயும் என்னோட வரே."

 அம்மா கேட்டாள்: "ஜெயில் வாசல்ல யாராவது பாத்துட்டா?"

"பாக்கட்டும்," என்றேன்.